முதல் புரோகிராமிங் புத்தகம் வாங்குவது எப்படி? சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐந்து ரோடு பக்கம் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் வேலை செய்கிறேன். வெள்ளிப் பட்டறைகளுக்கும் லாரி ஆபீஸ்களுக்கும் பில் போடும் மென்பொருள் எழுதுவதுதான் எங்கள் பிழைப்பு. இன்டர்ன்ஷிப் கேட்டு வரும் பிள்ளைகள், கஸ்டமர் வீட்டுப் பையன்கள், பக்கத்துத் தெரு அம்மாக்கள் என்று பலரும் சுற்றிச் சுற்றிக் கேட்பது ஒரே விஷயம்தான்: எந்தப் புத்தகத்தில் ஆரம்பிப்பது? கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை இங்கே போட்டிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் சில முன்னால் உள்ளவற்றைக் கைகாட்டும், அதனால் வரிசையாகப் படித்தால் சுலபம்.

"சார், எந்த லாங்குவேஜ் கத்துக்கிட்டா வேலை கிடைக்கும்? அதுக்கு ஒரு புக் சொல்லுங்க."

எந்த லாங்குவேஜுக்கு வேலை அதிகம் என்று தேடினால் வருஷத்துக்கு ஒரு பதில் வரும். முதல் புத்தகத்துக்கு அந்தக் கேள்வி அவ்வளவு முக்கியமில்லை. முதல் மொழியில் நீங்கள் பழகப் போவது வேரியபிள் (மதிப்பை வைத்திருக்கும் பெயர்), இஃப் (நிபந்தனை), லூப் (ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வது), ஃபங்ஷன் (பெயர் வைத்துத் தனியாக எடுத்த வேலை), லிஸ்ட் (பட்டியல்) இவ்வளவுதான். இவை பிடிபட்டுவிட்டால் அடுத்த மொழிக்குப் போகும்போது எழுத்துமுறை மட்டும்தான் புதிது.

கட்டாயம் எதுவும் இல்லாதவர்களுக்கு நான் பைத்தான் என்றுதான் சொல்வேன். ஒரே வரி அடித்தாலும் திரையில் ஏதாவது வரும். ஜாவாவில் ஆரம்பித்தால் 'வணக்கம்' என்று அச்சிடுவதற்கே கிளாஸ், ஸ்டாட்டிக், மெயின் என்று பல வார்த்தைகளைப் புரியாமலே அடிக்க வேண்டியிருக்கும் என்றுதான் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொடுத்து வருகிறார்கள். காலேஜில் சி நடக்கிறதென்றால் சி படியுங்கள், இரண்டையும் ஒன்றாக இழுக்காதீர்கள். வெப்சைட் செய்வதுதான் ஆசை என்றால் ஜாவாஸ்கிரிப்ட்.

"நான் காமர்ஸ் குரூப். கம்ப்யூட்டர் சயின்ஸே படிச்சதில்ல. எனக்குன்னு ஆரம்பத்துல எந்த புக்?"

முதலில் காசு செலவில்லாத ஒன்று. தமிழ்நாடு அரசின் பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியல் பாடநூலில் பைத்தான் இருக்கிறது. தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டும் பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவச பிடிஎஃப் ஆகக் கிடைக்கும். பக்கத்து வீட்டில் +2 முடித்த பிள்ளை இருந்தால் அச்சுப் பிரதியே பரணில் கிடக்கும், கேட்டுப் பாருங்கள். ஆனால் ஒன்று: முதல் நான்கு பாடங்கள் முழுக்கக் கோட்பாடு. ஃபங்ஷன் என்றால் என்ன, ஸ்கோப் என்றால் என்ன, அல்காரிதம் எப்படி அளப்பது என்று போகும். பலர் அங்கேயே மூடிவைத்துவிடுகிறார்கள். ஐந்தாவது பாடத்தில்தான் பைத்தான் ஆரம்பிக்கிறது. நீங்களும் அங்கே ஆரம்பியுங்கள். பரீட்சை எழுதப் போகிறவர் இல்லையே, வரிசை உங்கள் இஷ்டம்.

ஆங்கிலத்தில் படிக்க முடியும் என்றால் இரண்டு புத்தகங்கள் சொல்வேன். ஆலன் டவுனி எழுதிய 'திங்க் பைத்தான்' ஒன்று, அல் ஸ்வைகார்ட் எழுதிய 'ஆட்டோமேட் தி போரிங் ஸ்டஃப் வித் பைத்தான்' இன்னொன்று. இரண்டையும் இணையத்தில் இலவசமாகப் படிக்க ஆசிரியர்களே வைத்திருக்கிறார்கள். முதலாவது நிதானமாக யோசிக்கப் பழக்கும். இரண்டாவது எக்செல் ஃபைல், பிடிஎஃப், ஃபோல்டர் என்று அன்றாட ஆபீஸ் வேலைகளைப் புரோகிராமாக்கும். காமர்ஸ் படித்து டேலி தெரிந்தவருக்கு இரண்டாவதுதான் ருசிக்கும்.

"தமிழ்ல மட்டும் படிச்சு புரோகிராமிங் கத்துக்க முடியுமாண்ணா?"

ஆரம்பம் முழுவதையும் கற்றுக்கொள்ளலாம். பாடநூல் பற்றி மேலே சொல்லிவிட்டேன். அது போக, 2012-இல் இருந்து வரும் கணியம் என்ற இணைய இதழ் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதுகிறது. லினக்ஸ் (இயங்குதளம்), மைஎஸ்க்யூஎல் (தரவுத்தளம்) போன்றவற்றுக்கு எளிய தமிழில் இலவச மின்னூல்களும் அங்கே இருக்கின்றன. தமிழ் எழுத்திலேயே நிரல் (புரோகிராம்) எழுதும் 'எழில்' என்ற மொழியும் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு லூப், இஃப் காட்ட அது நன்றாகத்தான் இருக்கும், வேலைக்கான கருவியாக எதிர்பார்க்க வேண்டாம்.

ஆனால் புரோகிராம் ஓடாமல் நிற்கும்போது திரையில் வரும் செய்தி ஆங்கிலத்தில்தான் வரும். அதனால் விளக்கத்தைத் தமிழில் படித்தாலும் பிழைச் செய்திகளை முதல் வாரத்திலிருந்தே ஆங்கிலத்தில் படித்துப் பழகுங்கள். கடைசி வரியை மட்டும் படித்தாலே பெரும்பாலும் போதும், எந்த வரியில் தப்பு என்ற எண்ணும் அதற்கு மேலேயே இருக்கும்.

"இங்கிலீஷ் மீடியம் படிக்கல. இங்கிலீஷ் புக் வாங்கினா வேஸ்ட் ஆயிடுமோன்னு பயமா இருக்கு."

புரோகிராமிங் புத்தகத்தின் ஆங்கிலம் நாவல் ஆங்கிலம் இல்லை. ஒரே நூற்றைம்பது இருநூறு வார்த்தைகள்தான் திரும்பத் திரும்ப வரும். முதல் அத்தியாயம் இழுக்கும், மூன்றாவதில் வேகம் வந்துவிடும். பயம் போகவில்லை என்றால் வாங்குவதற்கு முன் மேலே சொன்ன இலவசப் புத்தகங்களில் ஒன்றின் இரண்டாம் அத்தியாயத்தைப் படித்துப் பாருங்கள். ஒரு பத்திக்கு நாலைந்து முறை அகராதி தேட வேண்டியிருந்தால் பாடநூலின் தமிழ்ப் பிரதியை முடித்துவிட்டு வாருங்கள். ஒன்றிரண்டு முறைதான் என்றால் தாராளமாக வாங்கலாம்.

"கடையில நின்னுக்கிட்டே ஒரு புக் நல்லதா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

அட்டையையும் முன்னுரையையும் விடுங்கள். '21 நாளில்', 'முழுமையான' என்றெல்லாம் அட்டையில் யார் வேண்டுமானாலும் போடலாம். முதல் அத்தியாயமும் ஏமாற்றும். கம்ப்யூட்டரின் வரலாறு எல்லாப் புத்தகத்திலும் நன்றாகத்தான் இருக்கும். நேராக நடுவில் திறந்து, பயனரிடமிருந்து எண் வாங்கும் பக்கத்தைத் தேடுங்கள். பைத்தான் என்றால் 'இன்புட்' வரும் இடம். அந்த ஒரு பக்கம் போதும், ஆசிரியர் ஆரம்பநிலை ஆளைப் பார்த்திருக்கிறாரா இல்லையா என்று தெரிந்துவிடும்.

ஏன் அந்தப் பக்கம்? பைத்தானில் இன்புட் வழியாக 120 என்று அடித்தால் அது எண்ணாக வராது, எழுத்துகளாக வரும். அதை 2-ஆல் பெருக்கினால் 240 வராது, 120120 என்று வரும். முதல் தடவை பார்க்கிறவர் மிரண்டு போவார். கொலுசு எடையை உள்ளே கொடுத்து ஜோடிக் கணக்குப் போட்ட பையன் ஒருவன், லேப்டாப் கெட்டுவிட்டது என்றே நினைத்தான். நல்ல ஆசிரியர் இந்த 120120-ஐ வேண்டுமென்றே வரவழைத்துக் காட்டி, பிறகு 'இன்ட்' போட்டு எண்ணாக மாற்றச் சொல்வார். சுமாரான ஆசிரியர் முதலிலேயே 'இன்ட்' போட்ட வரியை எழுதிவிட்டுக் காரணம் சொல்லாமல் நகர்ந்துவிடுவார். அந்த இரண்டாவது வகைப் புத்தகத்தை எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்துவிடலாம்.

அப்புறம் இரண்டு விஷயம் பாருங்கள். ஒவ்வொரு நிரலுக்கும் கீழே அதன் வெளியீடு அச்சாகியிருக்கிறதா? அத்தியாய முடிவில் உள்ள பயிற்சிகள் 'எழுதுக' என்கின்றனவா, 'விளக்குக' என்கின்றனவா? 'லூப் என்றால் என்ன, அதன் வகைகளை விளக்குக' என்று கேட்கும் புத்தகம் பரீட்சைக்கானது. இந்தச் சோதனைக்குக் கடைக்காரர் முகம் சுளித்தால் சேலம் புத்தகத் திருவிழா நடக்கும் நாட்களில் போங்கள். அந்தக் கூட்டத்தில் எவ்வளவு நேரம் நின்று புரட்டினாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

"எங்க அண்ணன் காலேஜ்ல படிச்ச புக் வீட்ல இருக்கு. அதையே படிக்கலாமா?"

மொழியைப் பொறுத்தது. சி புத்தகத்துக்கு வயசானால் பெரிய நஷ்டமில்லை. பிரையன் கெர்னிகனும் டென்னிஸ் ரிச்சியும் எழுதிய சி புத்தகம் 1978-இல் வந்தது, இரண்டாம் பதிப்பு 1988. இன்றும் அதை மேஜையில் வைத்திருப்பவர்கள் உண்டு. ஆனால் அதை முதல் புத்தகமாக எடுக்காதீர்கள். மெலிசாக இருக்கிறதே என்று பலர் வாங்கிவிடுகிறார்கள். ஏற்கெனவே வேறு ஏதாவது மொழியில் கொஞ்சம் எழுதிப் பழகியவர்களுக்காக எழுதப்பட்டது அது.

உள்ளூர் காலேஜ்களில் புழங்கிய பழைய சி புத்தகங்களில் வேறொரு சிக்கல். அவை சி நிரல்களை எழுதி ஓட்டும் டர்போ சி-யை நம்பி எழுதப்பட்டவை. அந்த நீலத் திரை 1980-களின் இறுதியில் வந்த கருவி. நிரலின் மேலே 'கோனியோ', உள்ளே 'கிளியர் ஸ்கிரீன்', கடைசியில் 'கெட்ச்', தொடக்கத்தில் 'வாய்ட் மெயின்' என்று இருந்தால் அதுதான். சி நிரலை ஓட்டும் இன்றைய கருவியான ஜிசிசி-யில் அப்படியே அடித்தால் முதல் நிரலே ஓடாது, நீங்களோ உங்கள் மேல்தான் தப்பு என்று நினைப்பீர்கள். கோனியோ வரியையும் அதைச் சார்ந்த இரண்டையும் எடுத்துவிட்டு, 'வாய்ட்' இருக்கும் இடத்தில் 'இன்ட்' போட்டால் பெரும்பாலான நிரல்கள் ஓடிவிடும். மற்றபடி புத்தகம் நன்றாக இருந்தால் வைத்துக்கொள்ளலாம்.

பைத்தான் என்றால் 'பிரிண்ட்' என்ற வார்த்தையைப் பாருங்கள். அதற்குப் பின்னால் அடைப்புக்குறி இல்லாமல் நேராக மேற்கோள் வந்தால் அது பைத்தான் 2. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அந்தப் புத்தகத்தைப் பேப்பர் கடைக்குப் போடலாம், தம்பிக்குக் கொடுக்காதீர்கள். ஜாவா புத்தகத்தில் ஆப்லெட்டுக்கு (பிரவுசருக்குள் ஓடிய பழைய வகை ஜாவா நிரல்) ஒரு தனி அத்தியாயம் இருந்தாலும் அதே கதைதான். பிஎச்பி புத்தகத்தில் 'மைஎஸ்க்யூஎல்' என்று நேராகத் தொடங்கும் பழைய ஃபங்ஷன்கள் இருந்தால், அவை 2015-இல் வந்த பிஎச்பி 7-லேயே நீக்கப்பட்டுவிட்டன.

"புக்ல 2023-ன்னு போட்டிருக்கு. அப்ப புதுசுதானே?"

தலைப்புப் பக்கத்துக்குப் பின்பக்கம் பாருங்கள். 'மறு அச்சு 2023' என்பது வேறு, 'ஐந்தாம் பதிப்பு 2023' என்பது வேறு. பழைய பதிப்பை எத்தனை வருஷம் கழித்து அச்சடித்தாலும் உள்ளே இருப்பது பழசுதான். பதிப்பு எப்போது வந்தது என்பதுதான் கணக்கு. சந்தேகம் இருந்தால் முந்தைய பதிலில் சொன்ன அடையாளங்களைத் தேடுங்கள், அவை பொய் சொல்லாது.

"ஆயிரம் பக்கத்துல ஒரு புக் வாங்கிட்டா எல்லாமே அதுலயே இருக்குமே சார்?"

இருக்கும். அதனால்தான் அது முதல் புத்தகம் ஆகாது. தடிப்புத்தகம் தேடிப் பார்க்கும் புத்தகம், வரிசையாகப் படிக்கிற புத்தகம் இல்லை. முதல் புத்தகம் முன்னூறு முதல் ஐந்நூறு பக்கத்துக்குள் இருந்தால் முடிப்பீர்கள்.

"காலேஜ்ல டெக்ஸ்ட் புக்னு ஒண்ணு சொல்றாங்க, சீனியர்ஸ் லோக்கல் ஆத்தர் கைடு போதும்கறாங்க. எதை வாங்கறது?"

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரிலேயே எல்லாப் பிரிவினருக்கும் பைத்தான் வந்துவிட்டது. மெக்கானிக்கல், சிவில் பிள்ளைகளும் படித்தாக வேண்டியிருந்தது. பரீட்சையில் இரண்டு மார்க் கேள்விகள், பதிமூன்று மார்க் கேள்விகள் என்று வரும். அந்த அளவுக்கு வெட்டிக் கொடுப்பதுதான் கைடு. அது தப்பில்லை, பாஸ் ஆக வேண்டுமே. பரீட்சைக்கு முந்தைய வாரம் கைடு படியுங்கள், செமஸ்டர் முழுக்க வேறொன்று படியுங்கள்.

கைடில் நான் பார்க்கும் குறை ஒன்றுதான்: அதில் நிரல்கள் ஓடிப் பார்க்கப்பட்டவையா என்று தெரியாது. பைத்தானில் வரித் தொடக்கத்தில் விடும் இடைவெளிக்கு அர்த்தம் உண்டு. பக்கத்தில் இடம் மிச்சம் பிடிக்க எல்லா வரியையும் இடது ஓரத்துக்குத் தள்ளி அச்சடித்த கைடு ஒன்றை இன்டர்ன் பெண் ஒருத்தி கொண்டுவந்தாள். அதில் இருந்த லூப் எதுவும் ஓடாது. அவள் அதைப் பார்த்து மனப்பாடம் செய்து, பரீட்சைத் தாளிலும் அப்படியே எழுதியிருந்தாள்.

காலேஜ் பரிந்துரைப் பட்டியலில் உள்ள புத்தகங்களை லைப்ரரியில் எடுத்து, கடையில் செய்யச் சொன்ன நடுப்பக்கச் சோதனையைச் செய்யுங்கள். 'திங்க் பைத்தான்' பல பட்டியல்களில் இருக்கிறது, அதை வாங்கக்கூட வேண்டாம்.

"எல்லா புக்கும் டெலிகிராம்ல பிடிஎஃப்பா கிடைக்குதே. எதுக்குக் காசு கொடுக்கணும்?"

ஆசிரியரே இலவசமாக விட்டது வேறு, யாரோ திருடிப் போட்டது வேறு. இலவசமாகவே நல்ல புத்தகங்கள் இருக்கும்போது திருட்டுப் பிரதிக்கு என்ன அவசியம்? காசுதான் பிரச்சினை என்றால் மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராகச் சேருங்கள். வெளிநாட்டுப் பதிப்பகங்களின் புத்தகங்கள் பலவற்றுக்கு இந்தியாவுக்கென்றே மலிவான பதிப்பும் வருகிறது. தாள் கொஞ்சம் சுமாராக இருக்கும், உள்ளே அதே எழுத்து.

பிடிஎஃப்-இல் இன்னொரு தொல்லை உண்டு. அதிலிருந்து நிரலைக் காப்பி செய்து ஒட்டினால் மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாக வந்து விழும். பைத்தானுக்கு நேர்க்குறிதான் தெரியும், 'செல்லாத எழுத்து' என்று நின்றுவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிவதால் மணிக்கணக்கில் தேடுவார்கள். ஃபோனில் மின்னூல் படித்தால் நீண்ட வரிகள் மடங்கி, இடைவெளி எது, மடிப்பு எது என்று தெரியாது. அந்த நேரத்தில் ஃபோனைப் படுக்கவைத்துப் பாருங்கள். எப்படியும் காப்பி செய்வதைவிட கையால் அடிப்பதுதான் நல்லது. அடிக்கும்போது விடும் தப்புகளிலிருந்துதான் பாதிப் பாடம் வரும்.

"லேப்டாப் வாங்க வசதியில்ல. ஃபோனை வச்சே புக் படிச்சுப் பழகலாமா?"

ஆரம்பிக்கலாம். ஆண்ட்ராய்டில் பைட்ராய்டு போன்ற செயலிகளில் பைத்தான் ஓடும். பிரவுசரிலேயே பைத்தான் ஓட்ட கூகுள் கோலாப் இருக்கிறது. ஃபோனில் எழுதுகிறவருக்கு அச்சுப் புத்தகம்தான் சரி, ஏனென்றால் ஒரே திரையில் படிக்கவும் அடிக்கவும் மாறி மாறிப் போனால் எரிச்சல் வரும். ஃபைல், ஃபோல்டர் அத்தியாயம் வரும்போது மட்டும் கம்ப்யூட்டர் தேவைப்படும். அதற்குள் யாரிடமாவது கேட்டு வையுங்கள்.

"நாங்க ஏற்காட்டுல நாகலூர் பக்கம். மேல நெட் சரியாவே வராது. எப்படிப் படிக்கறது?"

உங்களுக்குத்தான் புத்தகம் உண்மையிலேயே வேண்டும். கீழே சேலத்துக்கு இறங்கும் நாளில் மூன்றை லேப்டாப்பில் இறக்கிக்கொள்ளுங்கள்: பைத்தான், அதன் அதிகாரபூர்வ ஆவணங்கள், மேலே சொன்ன பாடநூலின் பிடிஎஃப். பைத்தான் ஆவணங்களை மொத்தமாக ஒரே ஃபைலாக இறக்க அதன் தளத்திலேயே வசதி இருக்கிறது. விண்டோஸில் பைத்தானோடு சேர்ந்தே 'ஐடில்' என்ற எழுதும் திரையும் வந்துவிடும். அதன் பிறகு நெட்டே வேண்டாம்.

புத்தகம் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். சில புத்தகங்கள் இரண்டாவது அத்தியாயத்திலேயே 'பிப்' என்ற கட்டளை கொடுத்து வெளி நூலகங்களை (பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்புகளை) நிறுவச் சொல்லும், அது நெட் கேட்கும். பைத்தானோடு வருவதை மட்டும் வைத்துப் பாதிப் புத்தகமாவது ஓடுகிறதா என்று பாருங்கள்.

"யூட்யூப்ல தமிழ்லயே எவ்வளவோ வீடியோ இருக்கு. இதுக்கு மேல புக் எதுக்குண்ணா?"

வீடியோ பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்ஸ்டால் செய்வது போன்றவற்றுக்கு வீடியோதான் சுலபம். ஆனால் தட்டுவடை செட் போடுவதை நின்று பார்த்தால் கை பழகாது. நல்லவேளையாகப் புத்தகம் தானாக ஓடாது, நீங்கள் அடிக்காவிட்டால் அப்படியே கிடக்கும். வீடியோவில் அவர் அடிக்கும்போதெல்லாம் புரிந்தது போலவே இருக்கும், அணைத்த பிறகுதான் கை நிற்கும்.

"சாட்ஜிபிடியே கோட் எழுதிக் கொடுத்துடுதே. இப்ப போய் புக் படிக்கணுமா?"

எங்கள் ஆபீஸிலும் அதைப் பயன்படுத்துகிறோம். அது எழுதிக் கொடுத்ததைச் சரியா என்று படித்துப் பார்க்கிற ஆளுக்குத்தான் சம்பளம். கொலுசு பில்லில் கிராமுக்கு மூன்று தசம இடம் வரும். கம்ப்யூட்டரில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும், ஏனென்றால் தசமங்களை அது இரண்டின் அடுக்குகளாக வைத்துக்கொள்கிறது. இது தெரியாதவர் சாட்ஜிபிடி எழுதிய பில் நிரலை அப்படியே கடையில் ஓடவிடுவார். மாதக் கடைசியில் பைசாக் கணக்கு இடிக்கும்போது எங்கே தேடுவது என்று தெரியாது. தெரிந்தவர் பணத்தை முழுப் பைசாவாக வைத்துக்கொள்ளச் சொல்வார், அல்லது டெசிமல் என்ற வகையைப் பயன்படுத்தச் சொல்வார்.

புத்தகத்தோடு சாட்ஜிபிடியைச் சேர்த்துக்கொள்ள ஒரு வழி உண்டு. பிழைச் செய்தியை ஒட்டி 'இதற்கு என்ன அர்த்தம்' என்று கேளுங்கள். பயிற்சிக் கேள்வியை மட்டும் அதனிடம் கொடுக்காதீர்கள்.

"எனக்குக் கணக்கே வராது. பத்தாவதுல ஜஸ்ட் பாஸ். என்னால முடியுமா?"

முதல் புத்தகத்துக்குக் கூட்டல், பெருக்கல், மீதி, சதவீதம் போதும். ஆனால் புத்தகம் உங்களைப் பயமுறுத்தலாம். பகா எண், ஃபிபனாச்சி, காரணிப் பெருக்கம், அணிப் பெருக்கல் என்று எடுத்துக்காட்டெல்லாம் கணக்காகவே இருக்கும் புத்தகங்கள் இங்கே அதிகம். காரணம், காலேஜ் லேப் பயிற்சிகள் அப்படி. பெயர்ப் பட்டியல், பில், மார்க் ஷீட், வார்த்தை விளையாட்டு போன்ற எடுத்துக்காட்டுகள் உள்ள புத்தகமாக எடுங்கள். லூப்பும் கணக்கும் ஒரே நேரத்தில் புரியவில்லை என்றால் எது புரியவில்லை என்றே தெரியாமல் போய்விடும்.

"புக்ல இருக்கற புரோகிராம் எல்லாம் ஓடுது. ஆனா நானா எழுதணும்னா ஒண்ணுமே வரல சார்."

இதுதான் என்னிடம் வரும் கேள்விகளில் அதிகம் வருவது, கேட்கிறவர்கள் பாதி அழுகையோடு வருவார்கள். புத்தகத்தின் மேலும் தப்பில்லை, உங்கள் மேலும் இல்லை. எல்லாப் புத்தகமும் தீர்வைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகிறது. இடையில் உங்களுடையதாக ஒரே ஒரு நிரலை வைத்துக்கொண்டு, அதை அத்தியாயம் அத்தியாயமாக வளர்க்க வேண்டும்.

எங்கள் இன்டர்ன்களுக்கு நான் கொடுப்பது கொலுசு பில். வேரியபிள் அத்தியாயம் முடிந்ததும் எடை, கிராம் விலை, கூலி மூன்றையும் நேராக எழுதி மொத்தம் காட்டு. இன்புட் வந்ததும் எடையைக் கேட்டு வாங்கு, இங்கேதான் எல்லோரும் அந்த 120120-ஐ நேரில் சந்திப்பார்கள். இஃப் வந்ததும் மொத்த வியாபாரிக்குக் கூலி குறை, எடை பூஜ்யம் என்று அடித்தால் மறுபடி கேள். லூப் வந்ததும் ஒரே பில்லில் பல ஜோடி. ஃபங்ஷன் வந்ததும் 3 சதவீத ஜிஎஸ்டி கணக்கைத் தனியாக எடு. லிஸ்ட், டிக்ஷனரி (பெயரைக் கொடுத்து மதிப்பை எடுக்கும் பட்டியல்) வந்ததும் ஜோடிகளின் பட்டியலை அதில் வை. ஃபைல் வந்ததும் பில்லைச் சேமி. ஒவ்வொரு முறையும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு முயல வேண்டும். வரவில்லை என்றால் திறந்து பார், மறுபடி மூடு.

உங்கள் வீட்டில் தறி இருந்தால் கூலிக் கணக்கு, லாரி இருந்தால் டீசல் கணக்கு. எது என்பது முக்கியமில்லை, கணக்கு தப்பினால் உங்களுக்கே தெரிய வேண்டும். முன்பின் தெரியாத விஷயத்தில் நிரல் எழுதினால் விடை தப்பா சரியா என்பதே தெரியாது.

"ஏழாவது படிக்கற என் பையனுக்கு என்ன புக் வாங்கலாம்ங்க?"

இப்போதைக்கு வேண்டாம். ஸ்கிராட்ச் என்று அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் உருவாக்கிய இலவசத் தளம் இருக்கிறது, கட்டங்களை அடுக்கினால் பூனை நகரும். அதில் அவன் சொந்தமாக ஒரு விளையாட்டு செய்துவிட்டுக் 'கட்டம் பத்தல' என்று வந்து நின்றால் அப்போது புத்தகம் வாங்குங்கள்.

"புக்ல சொன்ன மாதிரியே எழுத்து எண்ணினேன். 'சேலம்'னு கொடுத்தா 5-ன்னு வருது. புக் தப்பா?"

புத்தகம் தப்பில்லை, அதன் ஆசிரியர் தமிழை நினைத்து எழுதவில்லை, அவ்வளவுதான். நமக்குச் 'சே', 'ல', 'ம்' என மூன்று எழுத்து. கம்ப்யூட்டர் எழுத்துகளை வைத்துக்கொள்ளும் யுனிகோடு முறையில் 'ச' ஒன்று, அதோடு சேரும் ஏகாரக் குறி ஒன்று, 'ல' ஒன்று, 'ம' ஒன்று, புள்ளி ஒன்று. பைத்தானின் 'லென்' இந்த ஐந்தைத்தான் எண்ணும். அதே காரணத்தால், வார்த்தையைத் தலைகீழாகத் திருப்பும் பயிற்சியில் தமிழைக் கொடுத்தால் புள்ளியும் கொம்பும் இடம் மாறி வேறு எதையோ காட்டும்.

புத்தகத்தின் ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) அத்தியாயத்தை ஆங்கிலப் பெயர்களை வைத்தே முடித்துவிடுங்கள். தமிழ் எழுத்தைத் தமிழாகப் பிரிக்க 'ஓப்பன் தமிழ்' என்ற பைத்தான் நூலகம் இருக்கிறது. அதை நிறுவிக்கொண்டு, எழுத்தைப் பிரிக்கும் அதன் ஃபங்ஷனை வைத்து எண்ணினால் மூன்று என்றே வரும். தமிழில் பில், தமிழில் ரசீது என்று செய்ய ஆசைப்படுகிறவர்கள் இதைச் சீக்கிரம் பழகிக்கொள்வது நல்லது, ஏனென்றால் எந்த ஆரம்பநிலை ஆங்கிலப் புத்தகத்திலும் இது வராது.

"பாதியிலயே நிக்குது. புக் எனக்கு செட் ஆகலையோ? வேற ஒண்ணு வாங்கட்டுமா?"

எங்கே நின்றது என்று முதலில் பாருங்கள். புதிதாக வாங்கும் புத்தகமும் வேரியபிளில்தான் ஆரம்பிக்கும். நீங்களும் ஏற்கெனவே தெரிந்ததைத் திரும்பப் படித்துவிட்டு, அது நன்றாகப் புரிகிறதே என்று மகிழ்ந்து, போன தடவை நின்ற இடத்திலேயே மறுபடி நிற்பீர்கள். வீட்டில் பைத்தான் புத்தகங்கள் நான்கு வைத்திருந்து நான்கிலும் லூப்பைத் தாண்டாதவர்கள் எனக்குத் தெரிந்து இருக்கிறார்கள்.

ஃபங்ஷனிலோ லிஸ்டிலோ நின்றால் அந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் இன்னொரு புத்தகத்தில் படியுங்கள். அதற்குத்தான் இலவசப் புத்தகங்களும் நூலகமும். புரிந்ததும் பழைய புத்தகத்துக்கே திரும்பி வந்துவிடுங்கள். நின்றது கிளாஸ், ஆப்ஜெக்ட் அத்தியாயத்தில் என்றால் அதைத் தாண்டி ஃபைல் அத்தியாயத்துக்குப் போங்கள், அது இல்லாமலே ரொம்ப தூரம் போகலாம். முதல் பக்கத்திலிருந்து நிரல்களே ஓடவில்லை என்றால் மட்டும் புத்தகத்தை மாற்றுங்கள். பெரும்பாலும் அது உங்கள் அண்ணனுடைய பைத்தான் 2 புத்தகமாக இருக்கும்.